சரிவில் நிற்கும் வண்டிக்கு ஆயில் மாற்ற எந்த டிரெயின் பேன்?

எஞ்சினிலிருந்து வடியும் பழைய ஆயிலைப் பிடிக்கும் தட்டுதான் டிரெயின் பேன். அதைக் கேட்டுக் கடைக்குப் போனால் முதலில் வருவது லிட்டர் கணக்குதான். ஆறு லிட்டரா, எட்டா, பத்தா? மாருதி ஸ்விஃப்ட் மாதிரி சின்ன பெட்ரோல் காரிலிருந்து இறங்குவதே மூன்று லிட்டர் சொச்சம், ஆறு லிட்டர் பேன் தாராளம் என்று தோன்றும். கோயம்புத்தூரில் தாராளம்தான். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் வீட்டு வாசலே சரிவு. 45 செ.மீ. நீளமுள்ள பேனைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வைத்தால் கீழ்ப்பக்க விளிம்பு நாலரை செ.மீ. தாழ்ந்துவிடும். பேனின் உயரம் எட்டு செ.மீ. என்றால், மேல்பக்கம் மூன்றரை செ.மீ. ஆயில் நிற்கும்போதே கீழ்ப்பக்கம் விளிம்பைத் தொட்டாயிற்று. கால் பங்குக்கு மேல் கொள்ளளவு அங்கேயே போச்சு. மிச்சம் இருப்பதும் பேனை வெளியே இழுக்கும் முதல் இழுப்பில் அலையடித்துத் தெறிக்கும்.

அதனால் மலையில் பேன் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது உயரமும் மூடியும். சந்தையில் கிடைப்பவற்றை அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

திறந்த பேசினும், நீளவாக்கில் வெட்டிய பதினைந்து கிலோ எண்ணெய் டின்னும்தான் பலர் வீட்டில் இருக்கும். டின்னுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சுவர் செங்குத்து, கொள்ளளவு அதிகம், ஆயில் தெறிக்காது. ஆனால் வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். மடக்கித் தட்டாமல் பயன்படுத்தவே கூடாது. சின்ன கார்களுக்கு அடியில் அது நுழையவும் நுழையாது. ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சரி. பேசின் மலிவு, கழுவ எளிது. ஆனால் நிரம்பிய பேசினைச் சரிவில் தூக்கிக்கொண்டு நடந்து கேனில் ஊற்றும் வேலையில்தான் முக்கால்வாசி சிந்தல் நடக்கிறது. அதற்கு மருந்தே இல்லை.

மூடி போட்ட தட்டை பேன்தான் இந்த விமர்சனத்தின் நாயகன். மேல்முகம் குழிந்த தட்டு மாதிரி இருக்கும். நடுவிலோ ஓரத்திலோ ஒரு துளை, ஒரு மூலையில் ஊற்றும் வாய், இரண்டுக்கும் திருகு மூடி. ஆயில் குழியில் விழுந்து துளை வழியே உள்ளே போகும். வேலை முடிந்ததும் மூடியைத் திருகினால் நிமிர்த்திக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு போகலாம். சரிவு இனி ஒரு பொருட்டில்லை. தூக்கி நடக்கும்போது சொட்டாமல் இருப்பது இது ஒன்றுதான். கொடுக்கும் கூடுதல் காசு அதற்கே தகும்.

இதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. மலைக்குளிரில் அது இரட்டிப்பாகும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல் மேல் உறைபனி படியும் காலையில் 20டபிள்யூ-40 ஆயில் பாகு மாதிரி இறங்கும். துளை விரலளவு இருந்தால் குழியிலேயே தேங்கி விளிம்பைத் தாண்டி வழியும். சூடான ஆயிலுக்கும் வேறு வழியில் அதே கதி: எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரிலிருந்து முதல் அரை நிமிடத்தில் பெரும்பகுதி கொட்டிவிடும், துளையால் விழுங்க முடியாது. அதோடு, ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து வைக்காவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. ஆயில் குமிழிட்டபடி மேலேயே நிற்கும். ‘பேன் ஓட்டை, ஒழுகுது’ என்று திருப்பிக் கொடுக்கப்படும் பேன்களில் பல ஓட்டையே இல்லாதவை. வாய் மூடியைத் திறந்து, அந்த மூலை மேட்டுப்பக்கம் இருக்கும்படி வைத்தால் போதும். வாங்கும்போது துளைக்குள் இரண்டு விரல் சேர்த்து நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் வேண்டாம். துளை மேல் சல்லடை இருந்தால் நல்லது, சேம்பரின் வடிதுளையை அடைக்கும் டிரெயின் போல்ட் கை தவறினாலும் அதிலேயே நின்றுவிடும். குழியின் ஆழம் ஐந்து செ.மீ.யாவது இருக்கட்டும்.

பேனை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். போல்ட்டுக்கு நேர் கீழே வைப்பார்கள். பல கார்களில் டிரெயின் துளை பக்கவாட்டில் பார்த்திருக்கும். சேம்பர் நிறைய ஆயில் இருக்கும்போது அழுத்தத்தில் அது ஒரு சாண் தூரம் வளைந்து பாயும். குறையக் குறைய வளைவு சுருங்கி, கடைசியில் நேர் கீழே நூலாக விழும். ஆகவே பேனின் ஒரு ஓரம் போல்ட்டுக்கு அடியிலும், மீதி நீளம் பாயும் திசையிலும் இருக்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் அந்தக் கடைசி நூல்தான் ஆளை ஏமாற்றும். காற்று அதைப் பேனுக்கு வெளியே தள்ளி, சுவரில் பொட்டு வைத்துவிடும். காற்றடிக்கும் பக்கம் ஒரு அட்டைப்பெட்டியை நிறுத்தினால் தீர்ந்தது.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு போல்ட்டைத் திறவுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். வண்டியை டிரெயின் துளை தாழ்ந்த பக்கம் வரும்படி நிறுத்தினால்தான் சேம்பர் முழுக்க வடியும், எதிர்ப்பக்கம் நிறுத்தினால் பழைய ஆயில் உள்ளேயே தங்கும். ஆனால் சரிவில் ஜாக்கி மட்டும் போட்டு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஸ்டாண்ட் வைத்து, பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்து, ஸ்டாண்ட் வைக்கச் சமமான இடம் கிடைக்காவிட்டால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

போல்ட்டை ரிங் ஸ்பேனரால் இளக்கிவிட்டு, மீதியைக் கையால் திருகும்போது உள்ளே அழுத்தியபடியே திருகுங்கள். மரை முடிந்தது விரலுக்குத் தெரியும். அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் கையில் ஆயில் படாது. மெதுவாக எடுத்தால் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடும். நைட்ரைல் கையுறை போடுங்கள், துணிக் கையுறை ஆயிலைக் குடித்துத் தோலிலேயே வைத்திருக்கும். பழைய வாஷரை மறுபடி போடாதீர்கள், அது ஏற்கெனவே நசுங்கியது. சொட்டுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் அலுமினிய சேம்பரின் மரை போய்விடும். சின்ன கார்களில் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ளதே இறுதி.

ஃபில்டரைக் கழற்றும்போது சிந்துவதற்கு எந்தப் பேனும் பொறுப்பேற்காது. கால் சுற்று இளக்கிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். ஓரத்தில் கசிந்து வடியட்டும், பிறகு முழுதாகக் கழற்றலாம். கீழே பிடிக்க, வாய்ப்பக்கம் சாய்வாக வெட்டிய பழைய ஆயில் கேன் அற்புதமான சாதனம். கடையில் காசு கொடுத்து வாங்கும் ஃபில்டர் கிண்ணங்களைவிட மேல். பைக்குகளில் ஃபில்டர் பக்கவாட்டு மூடிக்குள் இருந்தால், அதே கேனிலிருந்து ஒரு பட்டை வெட்டி அடியில் தகடு மாதிரி சொருகிவிடுங்கள், சைலன்ஸர் மேல் வழியாது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் மேலேயே புதியதைப் போட்டால், ஸ்டார்ட் செய்ததும் புது ஆயில் முழுவதும் தரையில்தான்.

டிரெயின் போல்ட்டுக்குப் பதில் பொருத்தும் வால்வு இன்னொரு வழி. ஜப்பானின் ஃபுமோட்டோ வகையில் ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பினால் ஆயில் இறங்கும், ஸ்பேனரே வேண்டாம். சுத்தத்தில் இதற்கு முதலிடம். ஆனால் ஆயில் மெதுவாக வடியும். போல்ட்டைவிடக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் பெரிய தயக்கம். எஸ்டேட் பாதையில், கல்லும் வேர்க்கட்டையும் அடியில் உரசும் இடத்தில் ஓடும் வண்டிக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. தார் ரோட்டிலேயே ஓடும் காருக்கு, மரை அளவு பார்த்து வாங்கலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான கேஜ் நுழையும் குழாய் வழியே உறிஞ்சும் பம்ப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டிக்கு அடியில் படுக்கவே வேண்டாம் என்பது உண்மை, அடியில் படிந்த கசடு மட்டும் அங்கேயே கிடக்கும். குளிர்ந்த ஆயிலை இழுக்கக் கையால் அடிக்கும் பம்ப் திணறும்.

ஊற்றும்போது புனலைக் குறை சொல்லும் முன் கேனைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். கேனின் வாய் ஒரு ஓரத்தில் இருக்கும். அந்த ஓரம் மேலே வருமாறு படுக்கவைத்துச் சாய்த்தால் காற்று உள்ளே போக வழி கிடைத்து, ஆயில் ஒரே சீராக விழும். வாய் கீழே இருந்தால் ‘க்ளக் க்ளக்’ என்று துப்பித்துப்பி விழும். வீடியோக்களில் தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனல் செய்யச் சொல்வார்கள், நீலகிரியில் அந்த பாட்டிலுக்கே தடை. நீண்ட கழுத்துள்ள புனல் ஒன்றை வாங்கி, பனியன் வேஸ்ட்டில் சுற்றி வையுங்கள். அளவைக் கேஜில் பார்க்க வாசலை நம்பாதீர்கள், பெட்ரோல் பங்க் தளம்தான் ஊரிலேயே சமமான தரை.

சிந்தியதை சோப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினால் அது சரிவில் இறங்கிக் கீழ்வீட்டுக் கேரட் பாத்திக்கோ ஓடைக்கோ போகும். மரத்தூளைக் கொட்டி, பத்து நிமிடம் விட்டுக் கூட்டி அள்ளுங்கள். மழைக்காலத்தில் தூளை மூடிய டின்னில் வையுங்கள், ஈரத் தூள் ஆயிலை உறிஞ்சாது. பழைய ஆயிலை வேலிக் கம்பத்துக்குப் பூசும் வழக்கத்தை விட்டுவிடலாம். 2016-இன் அபாயக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. மழை கழுவிவிட்டால் மண்ணில்தான் சேரும். புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி, கூலன்ட்டோ பிரேக் ஆயிலோ கலக்காமல், பழைய ஆயிலை பேரலில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அதே கேன் என்பதால் எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கும் தெரியும். மூன்று லிட்டர் ஊற்றிய எஞ்சினிலிருந்து துளை தாழ்ந்திருந்தும் இரண்டரைதான் இறங்கியது என்றால், அரை லிட்டர் எங்கே போனது என்று அடுத்த வாரமே பார்க்க வேண்டும்.