எஸ்-படகா, வோஸ்பரா, ஃபேர்மைலா: ஆங்கிலக் கால்வாயின் இரவுப் போர்

1945 பிப்ரவரி 14 அன்று பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் துறைமுகத்தில் நேச நாடுகளின் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகணை) படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. கசிந்து தண்ணீரில் பரவியிருந்த பெட்ரோலில் தீப்பிடித்தது. 12 படகுகள் அழிந்தன; கனடிய, பிரிட்டிஷ் மாலுமிகள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று எதிரி அங்கே ஒரு குண்டுகூட வீசவில்லை.

இரண்டாம் உலகப் போரின் விரைவுப் படகுகளை ஒப்பிட உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தீதான். வேகத்தை வைத்துத் தரம் பிரிப்பது பலருக்கும் வழக்கம். ஆனால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் பார்த்தால் இரு தரப்பு வேகப் படகுகளும் நாற்பதை ஒட்டித்தான் இருந்தன. எந்த எரிபொருளின் மேல் உட்கார்ந்துகொண்டு சண்டைக்குப் போனார்கள் என்பதில்தான் உயிர்களின் கணக்கு இருந்தது.

ஜெர்மானியர் தங்கள் படகை ஷ்னெல்போட், சுருக்கமாக எஸ்-படகு என்றார்கள். பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர் ஈ-படகு. அதன் மூலம் போர்க்கப்பலே அல்ல. அமெரிக்க வங்கியாளர் ஓட்டோ கானுக்காக லூர்சன் நிறுவனம் கட்டிய அதிவேக உல்லாசப் படகுதான் அதன் தாய். 1930இல் கடற்படைக்கு வந்த முதல் படகு பெட்ரோலில்தான் ஓடியது. சில ஆண்டுகளிலேயே டீசலுக்கு மாறினார்கள். எளிதில் பற்றிக்கொள்ளாத அந்த எரிபொருளுக்காக ஜெர்மனி பல ஆண்டுகள் எஞ்சினோடு போராடியது. பலனாகக் கிடைத்தது 20 சிலிண்டர்கள் கொண்ட, 2,000 குதிரைத்திறன் தரும் டேம்லர்-பென்ஸ் எஞ்சின். படகுக்கு மூன்று.

பிரிட்டனின் டார்பிடோ படகான வோஸ்பரின் கதை நேர்மாறானது. அதற்கு உயிர் கொடுத்தவை இத்தாலியின் இசோட்டா ஃபிராஸ்கினி பெட்ரோல் எஞ்சின்கள். 1940 ஜூனில் இத்தாலியே எதிரியாகிப் போருக்குள் வந்ததும் வரத்து அறுந்தது. கையில் கிடைத்த வலுக்குறைந்த எஞ்சின்களைப் பொருத்திக் கட்டிய படகுகள் முப்பது நாட் வேகத்தைக்கூடத் தொட முடியாமல் தவித்தன. அமெரிக்காவின் பேக்கார்ட் எஞ்சின் வந்த பிறகே மூச்சு வந்தது. அதுவும் பெட்ரோல்தான். ஒரு கடற்படை தன் படகின் இதயத்தை அயல்நாட்டுத் தொழிற்சாலையை நம்பி விட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அடுத்தது படகின் அடிவயிறு. வோஸ்பர் சுமார் 22 மீட்டர் நீளம். அதன் அடிப்பாகமும் பக்கமும் கூர்மையான மடிப்பில் சந்திக்கும். வேகமெடுத்தால் தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கும். அமைதியான கடலில் அற்புதம். அலை எழுந்தாலோ ஒவ்வொரு அலையிலும் அறைந்து விழும். மாலுமிகளின் முதுகெலும்பு நொறுங்கும். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். எஸ்-படகு சுமார் 35 மீட்டர் நீளம், நூறு டன் எடை, அடிப்பாகம் உருண்டையானது. இலகு உலோகச் சட்டங்களின் மேல் மரப்பலகை போர்த்திய அந்த உடல் அலையை வெட்டிக்கொண்டு போனது. முதன்மைச் சுக்கானின் இருபுறமும் இரண்டு சிறு சுக்கான்கள் இருந்தன. அதிவேகத்தில் அவற்றை வெளிப்புறமாகத் திருப்பினால் பின்பகுதி அமிழாமல் மட்டமாக நிற்கும், பின்னால் எழும் அலை தாழும், வேகம் கூடும். இரண்டு தகட்டைத் திருப்பிக் கிடைத்த இந்த ஆதாயத்துக்கு இணையாக எதிர்த்தரப்பில் ஒன்றும் இல்லை. டார்பிடோவும் அப்படியே: வோஸ்பரில் இரண்டு, எஸ்-படகில் இரண்டு குழாய்களோடு மறுமுறை ஏற்ற இன்னும் இரண்டு.

துப்பாக்கிச் சண்டையில் தராசு மறுபக்கம் சாய்கிறது. டாக் படகு என்று மாலுமிகள் அழைத்த பிரிட்டனின் ஃபேர்மைல் டி, எஸ்-படகின் நீளமே உடையது. வேகம் முப்பது நாட் அளவில்தான். துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் போரின் பிற்பகுதியில் ஆறு பவுண்டர் (ஆறு பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கிகளைச் சுமந்த அதன் அருகில் நிற்பது தற்கொலை. எஸ்-படகுகள் பீரங்கிச் சண்டையைத் தவிர்த்து, சுட்டுவிட்டு மறையவே பழகியவை. அதைக் கோழைத்தனம் என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை. அவற்றின் இரை வணிகக் கப்பல்கள். கண்ணிவெடி விதைப்பதும் அவற்றின் முக்கிய வேலை.

அந்த வேலையில் அவை எவ்வளவு கொடியவை என்பதற்கு 1944 ஏப்ரல் 28 அதிகாலை சாட்சி. பிரான்சின் ஷெர்பூரிலிருந்து வந்த ஒன்பது எஸ்-படகுகள் தென் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் நார்மண்டிப் படையிறக்கத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கப்பல் வரிசைக்குள் புகுந்தன. இரண்டு தரையிறக்கக் கப்பல்கள் மூழ்கின, ஒன்று சேதமடைந்தது. 749 அமெரிக்கர்கள் இறந்தார்கள். காவலுக்கு வர வேண்டிய நாசகாரிக் கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தது. உயிர்காப்புப் பட்டையைச் சரியாக அணியக் கற்றுத்தராததால், இடுப்பில் கட்டியவர்கள் தலைகுப்புறக் கவிழ்ந்து மூழ்கினார்கள். படகின் திறமையைப் பேசும்போது இவர்களை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியாது.

இவ்வளவு சிறந்த படகு ஏன் தோற்றது? எண்ணிக்கை முதல் காரணம். அந்த அருமையான டீசல் எஞ்சின் தயாரிக்கச் சிக்கலானது. போர் முழுக்க எஸ்-படகுகள் இருநூற்றைம்பதுக்குள்தான். எதிர்த்தரப்பில் ஃபேர்மைல் டி என்ற ஒரு வகையின் எண்ணிக்கையே இருநூறைத் தாண்டியது. முன்கூட்டியே தயாரித்த மரப் பாகங்களைப் பல சிறு பட்டறைகள் கோத்துக் கட்டின. ரேடார் இரண்டாவது. பிரிட்டிஷ் தரப்பு கடற்கரையிலும் கப்பலிலும் ரேடாரால் இருட்டைத் துளைத்துப் பார்த்தது. எஸ்-படகோட்டிகள் பெரும்பாலும் கண்ணை நம்பினார்கள். மூன்றாவது வானம். 1944 ஜூன் 14 அன்று பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் விழுந்த குண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட எஸ்-படகுகள் கட்டிய இடத்திலேயே அழிந்தன.

புயல் இரவில் கால்வாயைக் கடக்கச் சொன்னால் தயங்காமல் எஸ்-படகில் ஏறுவேன். கப்பல் வரிசையைக் காக்கச் சொன்னால் ஃபேர்மைல் டி. எதற்காகவும் வோஸ்பரைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

போர் முடிந்தபின் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு பால்டிக் கரைகளில் இரவோடிரவாக ஆட்களை இறக்கும் படகு தேவைப்பட்டது. முன்பு கைப்பற்றப்பட்டிருந்த ஓர் எஸ்-படகையே 1949இல் அது எடுத்துக்கொண்டது. ஓட்டியது போரில் அதே படகுகளை ஓட்டிய ஹான்ஸ்-ஹெல்முட் குளோசவும் அவருடைய ஜெர்மானிய மாலுமிகளும்.