எல்லையோர ஏரிகளுக்கு ஒரு வரைபடம்: எந்த மென்பொருளை இறக்குவது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் எங்கள் ஊர்கள்: கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி. வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. தண்ணீரும் அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். மூலத்தறைக்கு வந்து கால்வாய்களில் பிரிந்து, ஏரிகளையும் குளங்களையும் நிரப்புவது அந்தத் தண்ணீர்தான். எந்தக் கிளைக்கால்வாய் எந்த ஏரிக்குப் போகிறது, கடைமடை எங்கே முடிகிறது, எந்த மதகு அடைத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் சில பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். அதை ஃபோனில் தொட்டால் விவரம் திறக்கிற வரைபடமாக்க வேண்டும் என்று எங்கள் விவசாயிகள் குழு முடிவெடுத்தது. கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் வேலை என்னிடம் வந்தது.

கையில் நூற்றுச் சொச்சம் புள்ளிகள், இருபதுக்கு மேல் கால்வாய்க் கோடுகள். இதே தகவலை வைத்து ஒவ்வொரு மென்பொருளாக முயன்று பார்த்தேன். வசதிகள் எத்தனை என்பதைவிட வேறு சில விஷயங்கள்தான் எனக்கு முக்கியம். ஊர்ப்பெயர் தமிழில் ஒழுங்காகத் தெரிய வேண்டும். சாதாரண ஃபோனில், சிக்னல் குறைந்த இடத்திலும் சீக்கிரம் திறக்க வேண்டும். தகவல் எங்கள் கையிலேயே இருக்க வேண்டும், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் இன்னொருவர் எடுத்துச் செய்ய முடிய வேண்டும்.

முதலில் கூகுள் மை மேப்ஸ். நிறுவ எதுவுமில்லை, கூகுள் கணக்கு இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் எல்லா ஏரிகளும் வரைபடத்தில் வந்துவிட்டன, தமிழும் சரியாகத் தெரிந்தது. ஒரு வரைபடத்துக்கு 10 அடுக்கு, ஓர் அடுக்குக்கு 2,000 பொருள்கள் என்ற வரம்பு எங்களுக்குத் தாராளம். தகவலைக் கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாகத் திரும்ப எடுக்கவும் முடியும். ஆனால் வரைபடம் ஒருவருடைய கணக்குக்குள் இருக்கிறது. ஏரி நிரம்பிய அளவுக்கேற்ப வட்டத்தின் அளவை மாற்றுவது போன்ற வேலையும் இதில் ஆகாது. கல்யாண மண்டபத்துக்கு வழி காட்ட இது போதும், ஊர்ப் பொதுச்சொத்தான ஒரு பதிவை இதில் மட்டும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

யூமேப் அப்படியில்லை. யாரும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மீது ஓடும் சுதந்திர மென்பொருள் அது. இதிலும் எதையும் இறக்க வேண்டாம், உலாவியில் திறந்தால் வேலையை ஆரம்பித்துவிடலாம். கணக்குகூடக் கட்டாயமில்லை. ஆனால் கணக்கு இல்லாமல் வரைந்தால், திருத்துவதற்கென்று ஓர் இரகசியச் சுட்டி தருவார்கள். அதைத் தொலைத்தால் வரைபடத்தைப் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. உடனே குழுவின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். அட்டவணைக் கோப்பான சிஎஸ்வி, வரைபடத் தகவல் கோப்புகளான ஜியோஜேசன், கேஎம்எல், ஜிபிஎக்ஸ் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றலாம். சிஎஸ்வியில் அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளின் தலைப்பு மட்டும் அது எதிர்பார்க்கும் ஆங்கிலப் பெயரில் இருக்க வேண்டும்.

கோப்பு ஏற்றும்போது நம் ஆட்கள் எல்லாரும் ஒருமுறையாவது மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் அத்தனையும் கேள்விக்குறியாக மாறிவிடும். சேமிக்கும் வகைகளில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் அதுவும் உதவாது, முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. எந்த மென்பொருளுக்குப் போனாலும் இந்த இரண்டையும் முடித்துக்கொண்டு போங்கள்.

இனி, உண்மையிலேயே இறக்கி நிறுவ வேண்டிய கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் என்பவர் 2002ல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் புழங்கும் இலவச வரைபட மென்பொருள். பதிவிறக்கக் கோப்பே ஒரு ஜிபியைத் தாண்டும். எங்கள் பக்கம் ஃபோன் ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவருக்குத் தாவும். ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் பாதியில் அறுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். எனக்கு இரண்டு ராத்திரி அப்படிப் போனது. கடைசியில் நல்ல இணைப்பு இருந்த ஒரு நண்பர் வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வந்தேன். அந்தப் பென்டிரைவ் இப்போது மூன்று ஊர் சுற்றிவிட்டது.

இறக்கும் இடத்தில் கவனம் வேண்டும். கியூஜிஐஎஸ்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வந்த வேறொரு பதிவிறக்கத் தளத்தை நம்பி ஒரு முறை இறக்கினேன். கூடவே கேட்காத இரண்டு மென்பொருள்கள் உட்கார்ந்துகொண்டன, அவற்றைத் துரத்த ஒரு சாயங்காலம் ஆனது. அதிகாரபூர்வத் தளத்தில் இரண்டு பதிப்புகள் இருக்கும். ஒன்று புத்தம் புதியது, மற்றது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. இரண்டாவதை எடுங்கள். புது வசதிகள் கொஞ்சம் தாமதமாக வந்தாலும், செருகுநிரல்கள் (பிளகின், கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) அதில்தான் நிம்மதியாக ஓடும். விண்டோஸில் கோப்பை இருமுறை சொடுக்கி ‘நெக்ஸ்ட்’ கொடுத்துக்கொண்டே போனால் போதும். அதற்குத் துணையாக வேண்டிய பைத்தான், ஜிடால், கிராஸ் எல்லாம் உள்ளேயே வந்துவிடும், தனியாகத் தேட வேண்டாம். 64-பிட் விண்டோஸ் கட்டாயம். பழைய 32-பிட் கணினிக்குப் புதுப் பதிப்புகள் வருவதில்லை. டிஸ்கில் சில ஜிபி காலியாக இருக்கட்டும். 4 ஜிபி ராமில் ஓடத்தான் செய்கிறது, 8 இருந்தால் மூச்சு வாங்காது.

கியூஜிஐஎஸ் மட்டும் நிறுவினால் இணைய வரைபடம் வந்துவிடாது. பிளகின்ஸ் மெனுவில் போய் ‘கியூஜிஐஎஸ் டு வெப்’ என்று தேடி அதையும் நிறுவ வேண்டும். அது சில நொடி வேலை. அப்புறம் அடுக்குகளை ஏற்றி, நிறம் கொடுத்து, அந்தச் செருகுநிரலைத் திறந்தால் லீஃப்லெட்டா ஓப்பன்லேயர்ஸா என்று கேட்கும். இரண்டுமே உலாவியில் வரைபடம் காட்டும் நிரல் நூலகங்கள், அதாவது எடுத்துப் பயன்படுத்தத் தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்புகள். நான் லீஃப்லெட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு பத்தியையும் பாப்-அப்பில் (புள்ளியைத் தொட்டால் திறக்கும் சிறு பெட்டியில்) காட்ட வேண்டுமா, தலைப்போடு காட்ட வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்று தனித்தனியாகச் சொல்லலாம். நிலத்துக்காரர் ஃபோன் நம்பர் போன்ற பத்திகளை ஏற்றுமதிக்கு முன்பே நீக்கிவிடுங்கள். மறைத்தாலும் கோப்புக்குள் அது இருக்கும், தெரிந்தவர் திறந்து பார்த்துவிடுவார்.

அங்கேயே ‘பிரெசிஷன்’ என்றொரு இடம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. தசமத்துக்குப் பிறகு எத்தனை இலக்கம் வைப்பது என்பது அது. ஐந்து இலக்கம் என்றால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் துல்லியம். ஏரிக்கும் மதகுக்கும் அது தாராளம், ஃபோன் ஜிபிஎஸ் அதைவிடத் துல்லியமாகக் காட்டப்போவதும் இல்லை. வளைந்து வளைந்து போகும் கால்வாய்க் கோடுகளில் இதை ஐந்தாக்கியதும் கோப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இளைத்தது. சிக்னல் குறைந்த எங்கள் பக்கத்தில் அதன் அருமை தெரியும்.

ஏற்றுமதி முடிந்ததும் ஒரு கோப்புறை கிடைக்கும். உள்ளே இருக்கும் இண்டெக்ஸ் கோப்பைச் சொடுக்கினால் அப்படியே உலாவியில் திறந்துகொள்கிறது, சர்வர் எதுவும் வேண்டியதில்லை. தகவலையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகவே எழுதி வைத்துவிடுவதுதான் காரணம். கோப்புறை முழுவதையும் இணையப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றி, சுட்டியை வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம். உலாவி வழியாக ஏற்றும்போது ஒரு கோப்பு 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது அந்தப் பக்கமே போகவில்லை.

இதே லீஃப்லெட்டைச் செருகுநிரல் இல்லாமல் நேரடியாக எழுதலாமே என்று கேட்கலாம். தாராளமாக எழுதலாம். 2011ல் வொலொதிமிர் அகஃபோன்கின் வெளியிட்ட இந்த நூலகம் சுமார் 42 கேபிதான். கியூஜிஐஎஸ்ஸோடு ஒப்பிட்டால் மலைக்குப் பக்கத்தில் கடுகு. வரைபடம் சுத்தமாக, வேகமாக வரும், எழுதுகிற வரிகள் அத்தனையும் நமக்குப் புரிந்தவையாக இருக்கும். ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். தனி ஜியோஜேசன் கோப்பை வைத்துக்கொண்டு இண்டெக்ஸைச் சொடுக்கித் திறந்தால் வரைபடம் வெறுமையாக நிற்கும், ஏனென்றால் பாதுகாப்புக்காக உலாவி அந்தக் கோப்பைப் படிக்க விடாது. பைத்தான் இருந்தால் அதற்குள்ளிருக்கும் சிறு சர்வரை ஒரே கட்டளையில் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாவது, வரிசை. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும், ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எழுதும். நான் இதை மாற்றிப் போட்ட அன்று எங்கள் ஏரிகள் எல்லாம் வடதுருவத்துப் பக்கம், ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் போய் விழுந்தன. புள்ளிகளைக் காணோம் என்றால் முதலில் வடக்கே நகர்த்திப் பாருங்கள்.

அடுத்து மேப்லிப்ரே, இதுவும் லீஃப்லெட் போல ஒரு வரைபட நூலகம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதிகம் வருத்தப்பட்டதும் இங்கேதான். மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நூலகத்தின் உரிமத்தை 2020 டிசம்பரில் மூடியபோது, அதற்கு முந்தைய திறந்த பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. வழுவழுவென்று பெரிதாகும், சுழலும், சாயும், ஆயிரக்கணக்கான கோடுகளை அசராமல் வரையும். எங்கள் கால்வாய் வலையை இதில் பார்த்தபோது இதுதான் வேண்டும் என்று நினைத்தேன். ஊர்ப்பெயர்களைப் போட்டதும் அந்த நினைப்பு மாறியது.

அதன் வழக்கமான முறையில் எழுத்துகளை உலாவி எழுதுவதில்லை. ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் முன்பே செய்து வைத்த சிறு வடிவங்களை எடுத்து, இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘கொ’ என்றால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், துணைக்கால் பின்னால். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து. அப்படியே அடுக்கினால் ககரம் தனியாக நிற்கும், கொம்பும் காலும் சேர்ந்து அதற்குப் பின்னால் போய் உட்காரும். ‘கு’வில் ககரத்தோடு கலக்க வேண்டிய உகரக்குறியும் ஒட்டாமல் விலகி நிற்கும். எங்கள் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், பொள்ளாச்சி. கொம்பில்லாத ஊர் குறைவு. குழுவில் மூத்தவர் ஒருவர் ஃபோனை வாங்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, நம்மூர்ப் பேரு ஏன் இப்படி உடைஞ்சு கெடக்குது?” என்றார். “சரி பண்ணிடறனுங்க” என்று வாங்கிக்கொண்டேன்.

மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் இதே சிக்கல்தான். எங்கள் சித்தூர் தாலுகாவில் இருந்தாலும் ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கம் இருந்தாலும், இரண்டு மொழியிலும் பெயர் போட நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இதைச் சரிசெய்யும் முயற்சிகள் நடந்து வருகின்றன, அவை கைகூட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை ஒரு மாற்றுவழி உண்டு. பெயரை வரைபட அடுக்கில் போடாமல் சாதாரண எச்டிஎம்எல் குறியாக மேலே வைத்தால் உலாவியே எழுதும், கொம்பு அதனதன் இடத்தில் வரும். ஐம்பது அறுபது பெயருக்கு ஒத்துவரும். அதற்கு மேல் போனால் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். லீஃப்லெட்டில் பெயர்ப்பட்டை எப்போதுமே உலாவி எழுதுவதுதான் என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

வரைபடத் தகவலைச் சர்வரிலிருந்து பலருக்கும் வழங்கும் ஜியோசர்வரையும் கேட்பார்கள். ஜாவா வேண்டும், எப்போதும் ஓடும் ஒரு சர்வர் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். மாவட்ட அளவில் பல துறைகள் ஒரே தகவலைப் பகிரும் இடத்துக்கு அது சரி. எங்கள் அளவுக்குத் தேவையில்லை.

நம் புள்ளிகளுக்கு அடியில் தெரியும் அடிவரைபடம் பற்றி ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான தோற்றத்தில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தெரிகிறது. ஆனால் உள்ளே ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப்பெயருக்கு ஒரு பெட்டி, மலையாளப் பெயருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக உண்டு. உங்கள் ஊரின் தமிழ்ப்பெயர் அங்கே காலியாக இருந்தால் நிரப்பிவிடுங்கள், யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். அடிவரைபடம் சிறு சிறு படத்துண்டுகளாகத்தான் வரும், அவற்றை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள மட்டும் அவர்கள் அனுமதிப்பதில்லை. வரைபடத்தின் மூலையில் அவர்கள் பெயரையும் அழித்துவிடாதீர்கள்.

எங்கள் முடிவு இப்படி ஆனது. மூலத்தகவல் கியூஜிஐஎஸ்ஸில், வெளியே போவது செருகுநிரல் தரும் லீஃப்லெட் பக்கமாக. லேப்டாப் இல்லாத பையன்களுக்கு யூமேப். மதகு உடைந்திருந்தால் அங்கிருந்தே புள்ளி வைத்து விடுகிறார்கள், மாதம் ஒருமுறை அதை ஜியோஜேசனாக எடுத்து நான் சேர்க்கிறேன். சிக்னலே இல்லாத கால்வாய்க்கரைகளுக்குக் கியூஃபீல்ட் என்ற ஆப்பை இறக்கியிருக்கிறோம், கியூஜிஐஎஸ் கோப்பை அப்படியே ஃபோனில் திறந்து இணையமில்லாமல் குறித்துக்கொள்ளலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர் யூமேப்பில் ஒரு வாரம் பழகிவிட்டுக் கியூஜிஐஎஸ்ஸை இறக்கினால் போதும் என்பேன்.

லீஃப்லெட் பக்கத்தை அந்தப் பெரியவரிடம் மறுபடி காட்டினேன். பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். கொழிஞ்சாம்பாறை சரியாக இருந்தது. அப்புறம் ஒரு ஏரியைத் தொட்டு, பாப்-அப்பில் வந்த கால்வாயின் பெயரைப் பார்த்து, “இது இல்லீங் கண்ணு, இதுக்குத் தண்ணி வர்றது கெழக்கால வாய்க்கால்ல” என்றார். அந்தத் திருத்தத்தைக் கியூஜிஐஎஸ்ஸில் போட்டு மறுபடி ஏற்றுமதி செய்ய ஐந்து நிமிடம் ஆனது. எருத்தேம்பதிப் பக்கத்துக் கிளைகள் இன்னும் பாக்கி. அடுத்த முறை ஆழியாற்றில் தண்ணீர் திறப்பதற்குள் அவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கரைகளில் நடக்க வேண்டும்.