சிபாயாக்கா, புரோமோவா, இஜெனா, ரிஞ்சானியா? மலேசியாவிலிருந்து இந்தோனேசிய எரிமலை ஏறப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எரிமலைப் பயணம் விற்கும் துண்டறிக்கைகளில் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: மேகத்துக்கு மேலே சூரியன், முன்னால் கையை விரித்து நிற்கும் ஒருவர். கீழே விலையும் மலையின் உயரமும் இருக்கும். இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவு செய்கிறவர்கள்தாம் பொருந்தாத மலையில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இஜென் எரிமலையின் விளிம்பு 2,386 மீட்டர். புரோமோவைப் பார்க்கும் பெனாஞ்சாக்கான் மேடை 2,770 மீட்டர். உயரமான மேடைக்கு ஜீப்பே போகிறது. தாழ்வான விளிம்புக்கு நடுராத்திரியில் நடந்துதான் ஏற வேண்டும். உயரம் சொல்லாததைத் தூக்கமும் காற்றும் சொல்லும். பயணத் திட்டத்தைக் கையில் எடுத்து, ஒவ்வோர் இரவுக்கும் பக்கத்தில் எத்தனை மணி நேரம் படுக்கையில் இருப்பீர்கள் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பிறகு அந்த மலையில் என்ன புகை வருகிறது என்று கேளுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கு முன்னால் நாட்காட்டி. புரோமோவும் இஜெனும் உள்ள ஜாவா, பாலி, ரிஞ்சானி உள்ள லொம்போக் மூன்றிலும் வறண்ட காலம் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை. நம்மவர்கள் அதிகம் கிளம்புவதோ தீபாவளியை ஒட்டியும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையிலும். அது மழை தொடங்கி வலுக்கும் காலம். டிசம்பரில் புரோமோ போய், வெள்ளைப் பஞ்சுக்குள் நின்றதுபோல் நின்று திரும்புகிறவர்கள் ஏராளம். ரிஞ்சானி ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை மூடப்படும், ஆகவே தைப்பூச விடுமுறைக்கு அதை நினைக்கவே வேண்டாம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் விடுப்பு கிடைத்தால் அதை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிபாயாக்

பினாங்குக்காரர்களுக்கு மிகப் பக்கம் இதுதான். சுமத்ராவின் மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து மலையடி ஊரான பெராஸ்தாகி 70 கிலோமீட்டருக்குள், ஆனால் மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து இரண்டரை மணி நேரம் ஆகும்; சனி, ஞாயிறில் இன்னும் கூடும். மலை சுமார் 2,200 மீட்டர். ஊர் ஏற்கெனவே 1,300 மீட்டருக்கு மேலே இருப்பதாலும், பாதி தூரம் வண்டி போவதாலும், கடைசி ஏற்றம் ஒரு மணி நேர நடைதான். வெள்ளி மாலை போய் ஞாயிறு திரும்பலாம், இரண்டு இரவும் ஓரளவு தூங்கலாம். முதல் எரிமலையாக இதையே பரிந்துரைக்கிறோம்.

இங்கே தவறு நடப்பது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். வெந்நீர் ஊற்றுப் பக்கம் இறங்கும் பாதை மூங்கில் காட்டுக்குள் போகிறது. படிகள் உடைந்து பாசி பிடித்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறினால் பாதை பிரியும் இடம் தெரியாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போய் வழி தவறியவர்கள் உண்டு. எரிவாயில் கந்தக ஆவி விமான எஞ்சின்போல் இரைந்துகொண்டு வரும்; அந்தத் துளைகளைச் சுற்றியுள்ள மஞ்சள் பொருக்கின் மேல் கால் வைக்கக் கூடாது. மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே கொதிநீராவி இருக்கும்.

எதிரே தெரியும் சினாபுங்கை ஏறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல நூறு ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு 2010இல் விழித்த மலை அது. 2014 பிப்ரவரியில் உயிர்களைப் பறித்தது. பார்க்கலாம், ஏறக் கூடாது. திரும்பும் வழியில் மேடானில் அரை நாள் இருந்தால் 1884இல் கட்டப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள். இந்தப் பகுதியின் கரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோழியா, பாண்டியா என்ற கிளைப் பெயர்கள் இருப்பதைப் பெராஸ்தாகி வழிகாட்டிகளே சொல்வார்கள்; கேட்கும் நம் காதுக்கு அது சும்மா ஒரு பெயராக இருக்காது.

புரோமோ

அம்மா, அப்பா, பிள்ளைகள், பாட்டி என்று குடும்பமாகப் போக ஏற்றது புரோமோ. ஜீப் மேடை வரை கொண்டுபோகும், பிறகு மணற்கடலைக் கடந்து மலையடியில் விடும். அங்கிருந்து கொஞ்சம் நடை அல்லது குதிரை, கடைசியாக எரிவாய்க்கு ஏறும் படிகள் 250 அளவில். பத்துமலையின் 272 படிகளை ஏறுகிறவர் இதையும் ஏறலாம், ஆனால் இங்கே காற்று மெல்லியது, படி முழுக்கச் சாம்பல். பத்துமலையில் ஒரு தடவை நிற்பவர் இங்கே மூன்று தடவை நிற்பார். அவசரப்படாதீர்கள்.

குளிரை நம்மவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டு விடியலில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே போகும், சில நாள் மணலில் உறைபனி படியும். கேமரன் மலைக்குப் போட்ட சுவெட்டர் போதாது. காற்றைத் தடுக்கும் மேலங்கி, காதை மூடும் தொப்பி, கையுறை வேண்டும். பகலில் அதே மணல் தூசியாக எழும்பும். கண்ணில் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

பேரம் பேச வேண்டிய இடம் ஜீப். ஒரு ஜீப்பில் ஐந்து, ஆறு பேர். பங்கு ஜீப்பில் மற்றவர்கள் இறங்கச் சொன்னால் நீங்களும் இறங்க வேண்டும், பாட்டிக்கு மூட்டு வலி என்றாலும் ஓட்டுநர் காத்திருக்க முடியாது. நான்கு பேருக்கு மேல் இருந்தால் தனி ஜீப்பே எடுங்கள். தலைக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் சிறிது. விடுமுறை நாளில் பெனாஞ்சாக்கானில் ஜீப்புகள் வரிசையாக நின்று, கடைசி ஒரு கிலோமீட்டரை நடக்க வேண்டி வரும். பக்கத்துச் செமோரோ லாவாங் கிராமத்தில் தங்கினால் செருனி மேடைக்கு நடந்தே போகலாம். காட்சி கொஞ்சம் தாழ்வு, கூட்டமும் குறைவு.

மணற்கடலின் நடுவே இருப்பது தெங்கர் இந்துக்களின் பூரா லுஹூர் போத்தன் கோயில். ஆண்டுதோறும் கசாடா விழாவில் காய்கறி, கோழி, பணம் எல்லாம் எரிவாயில் காணிக்கையாக இடப்படும். விளிம்பில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். படம் எடுக்கக் காலடியில் ஏறி நிற்காதீர்கள், அது வழிபாட்டுத் திருமேனி.

இஜென்

முதலில் ஒரு விளம்பரப் பொய்யை ஒதுக்கிவிடுவோம். அங்கே நீல லாவா கிடையாது. பாறைப் பிளவிலிருந்து மிகுந்த சூட்டில் வெளிவரும் கந்தக வாயு காற்றைத் தொட்டதும் பற்றி எரிகிறது. அந்தச் சுடர்தான் நீலம். இருட்டில் மட்டுமே தெரியும். அடிவாரமான பால்துடிங்கில் வாயிற்கதவு பொதுவாக இரவு 2 மணிக்குத் திறக்கிறது. 3 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், விளிம்பிலிருந்து உள்ளே இறங்க முக்கால் மணி நேரம். ஐந்து மணிக்கெல்லாம் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். மெதுவாக நடக்கும் குழுவுக்கு நீலச்சுடர் கிடைப்பது சில நிமிடம்தான், சில நாள் அதுவும் இல்லை. புகை அதிகமானால் உள்ளே இறங்க விடமாட்டார்கள். அந்த நாளிலும் விளிம்பிலிருந்து தெரியும் பச்சை நீல அமில ஏரிக்காகப் போகலாம் என்று நினைப்பவர்கள் மட்டும் இஜெனைத் தேர்ந்தெடுங்கள். சுடருக்காக மட்டுமே போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

முகக்கவசத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கந்தக டை ஆக்சைடு வாயு, தூசி அல்ல. மருத்துவத் துணிக்கவசமோ என்95 கவசமோ அதைத் தடுக்காது. அமில வாயுவுக்கான வடிப்பான் பொருத்திய ரப்பர் கவசம் வேண்டும். அடிவாரத்தில் கையில் கொடுத்ததும் மூன்றைப் பாருங்கள்: வடிப்பானின் மேல் அமில வாயு என்ற குறியீடு இருக்கிறதா, ரப்பர் விளிம்பு வெடித்திருக்கிறதா, தலைப்பட்டை இறுகுகிறதா. பிறகு மாட்டிக்கொண்டு, வடிப்பானின் வாயை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். கவசம் முகத்தோடு ஒட்டி உள்ளே அமுங்க வேண்டும். அமுங்காமல் எங்கேயாவது காற்று வந்தால் வாயுவும் அங்கேயே வரும். அடர்ந்த தாடி வைத்திருப்பவர்களுக்கு விளிம்பு ஒட்டவே ஒட்டாது, முந்தைய நாளே மழித்துவிடுவது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் அளவு அங்கே பெரும்பாலும் இருக்காது, அதனாலேயே பத்து வயதுப் பிள்ளையை எரிவாய்க்குள் கூட்டிப்போவதை நாங்கள் ஏற்கவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கீழேயே இருங்கள். உடல்நலச் சான்று கேட்கிறார்கள், அந்தப் பரிசோதனையில் இழுப்பு இருப்பதை மறைக்காதீர்கள்.

குறுகலான பாதையில் எதிரே கந்தகத் தொழிலாளி வருவார். மூங்கில் கழியில் இரண்டு கூடை, 70 கிலோவுக்கு மேல் சுமை. சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிடுங்கள். நீங்கள் பார்க்க வந்த இடம் அவருடைய வேலைத்தளம்.

இரண்டையும் சேர்த்துப் போனால்

அதிகம் விற்பது சுராபாயாவிலிருந்து புரோமோ, இஜென் இரண்டும் சேர்ந்த மூன்று நாள், இரண்டு இரவுத் திட்டம். பென்சில் கணக்கைப் போடுங்கள். முதல் நாள் மதியம் இறங்கி நான்கு மணி நேர வண்டி, இரவு ஒன்பதுக்குப் படுத்து இரண்டரைக்கு எழுந்திருக்க வேண்டும். மறுநாள் புரோமோவிலிருந்து ஆறேழு மணி நேரம் வண்டி, ஏழரைக்குப் படுத்தால் பதினொன்றரைக்குக் கதவைத் தட்டுவார்கள். இரண்டு இரவிலும் சேர்த்துப் பத்து மணி நேரத் தூக்கம்கூட இல்லை. உங்களை ஓட்டிப்போகிறவரும் அவ்வளவே தூங்கியிருப்பார், அடுத்து சுராபாயாவுக்கு இன்னும் ஆறேழு மணி நேரம் ஓட்ட வேண்டும். இந்தப் பயணத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது எரிமலை அல்ல, அந்தச் சாலை.

ஒரு நாள் கூட்டுங்கள். புரோமோவிலிருந்து புரொபோலிங்கோவுக்கு இறங்கி, ரயிலில் கெதாபாங் போய், இஜெனுக்குப் பக்கத்து ஊரான பஞுவாங்கியில் ஓர் இரவு முழுசாகத் தூங்கி, மறுநாள் இரவு இஜென் ஏறலாம். அங்கிருந்து படகில் பாலி பக்கம். கூடுதல் செலவு ஓர் அறை வாடகையும் ரயில் சீட்டும்தான். ஜாவாவின் நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்பதையும் நினைவில் வையுங்கள். கைக்கடிகாரத்தை மாற்ற மறந்தவர் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து குளிரில் காத்திருப்பார்.

ரிஞ்சானி

இது வேறு வகை. 3,726 மீட்டர், கூடாரத்தில் இரண்டு இரவு. செம்பாலுன் விளிம்பு முகாம் 2,639 மீட்டர்; அங்கிருந்து இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி மேலும் 1,000 மீட்டருக்கு மேல் ஏறினால் உச்சி. கடைசிச் சரிவு முழுக்க உதிர்கல், இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். இறங்கும்போது முட்டி கேட்கும் கூலி அதைவிட அதிகம். 2018 ஜூலை நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் மலையில் சிக்கினார்கள். 2025 ஜூனில் உச்சிக்குப் போகும் வழியில் சரிவில் விழுந்த ஒரு வெளிநாட்டுப் பயணி உயிரிழந்தார். அலுவலக நாற்காலியிலிருந்து நேராகப் போகும் மலை இல்லை.

எங்கள் கருத்து: முதல் தடவை போகிறவர் உச்சியை விட்டுவிட்டு, விளிம்பில் ஓர் இரவு தங்கித் திரும்பும் திட்டத்தை எடுக்கட்டும். செகரா அனாக் ஏரியை அங்கிருந்தே பார்க்கலாம். நிறுவனத்திடம் கேட்க வேண்டியது விலை அல்ல, தூங்கும் பையின் தடிமன், ஒருவருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ஒரு சுமைதூக்கி எத்தனை கிலோ தூக்குகிறார் என்பது. மலிவான திட்டத்தில் அந்த மலிவு பெரும்பாலும் அவர் தோளிலிருந்துதான் வருகிறது.

தயாராகிவிட்டீர்களா என்று இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பினாங்கில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர், 700 மீட்டர் போல ஏற்றம். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் இஜென் ஏற்றம் சிரமமில்லை. ரிஞ்சானி என்றால் அதே பாதையை முதுகில் 8 கிலோவுடன் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஏறி, நடந்தே இறங்குங்கள். திங்கட்கிழமை மாடிப்படி இறங்க முட்டி வலித்தால் இன்னும் இரண்டு மாதம் பழகுங்கள்.

பாலியின் பத்தூர் 1,717 மீட்டர், இரண்டு மணி நேர ஏற்றம், கூட்டம் அதிகம். பாலிக்கு எப்படியும் போகிறவர்கள் ஒரு காலையை ஒதுக்கலாம், அதற்கென்றே போக வேண்டாம். யோக்யகார்த்தாவின் மெராப்பியில் உச்சி ஏற்றம் 2018 முதல் மூடியிருக்கிறது, அடிவார ஜீப் பயணம் மட்டும்தான்.

பணம் கட்டுவதற்கு முன்

பூங்கா நுழைவுக் கட்டணம் விலையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு, சேர்க்காத திட்டம் மலிவாகத் தெரியும். மலை மூடப்பட்டால் பணம் திரும்புமா, வேறு இடம் காட்டுவார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். சைவம் என்றால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. நாசி கோரெங்கில் தெராசி என்ற இறால் விழுது இருக்கும், அது நம் பெலாச்சானேதான். தெராசி, மீன், முட்டை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுத்து, தெம்பே, தாஹு, காய்கறி கேளுங்கள்.

இந்தோனேசியாவில் எரிமலை எச்சரிக்கை நான்கு நிலை: நோர்மால் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), சியாகா (தயார்நிலை), அவாஸ் (அபாயம்). மாக்மா இந்தோனேசியா செயலியில் ஒவ்வொரு மலைக்கும் நிலையும், எரிவாயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பதும் இருக்கும். அந்தத் தூரத்தைப் படியுங்கள், நிலையின் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். மேற்கு சுமத்ராவின் மராப்பி 2023 டிசம்பர் 3ஆம் தேதி வெடித்தபோது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது, மலையேற்றமும் நடந்துகொண்டிருந்தது. 24 பேர் இறந்தார்கள்.

பயணக் காப்புறுதியில் மலையேற்றத்துக்கான உயர வரம்பைத் தேடுங்கள். சில திட்டங்கள் 3,000 மீட்டரோடு நிறுத்திவிடுகின்றன, ரிஞ்சானி உச்சி அதற்கு வெளியே போய்விடும். எரிமலைச் சாம்பலால் விமானம் ரத்தானால் ஈடு உண்டா என்றும் பாருங்கள். 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவோதோபி வெடித்தபோது, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலியில் விமானங்கள் நின்றன. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஞாயிறு கடைசி விமானத்தில் இடம் போடாதீர்கள். சனிக்கிழமை திரும்பும்படி வைத்து, ஞாயிறைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.