ஆன்சைட் வாய்ப்பு: தனியாகவா, குடும்பத்தோடா?

மேனேஜர் கூப்பிட்டு "ஃப்ராங்க்ஃபர்ட், பதினெட்டு மாசம், போறியா?" என்று கேட்ட அன்றைக்கு ராத்திரி வீட்டில் நடக்கிற பேச்சு இருக்கிறதே, அது சென்னை ஐ.டி. வட்டாரமான சோழிங்கநல்லூரிலிருந்து சிறுசேரி வரை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "நீங்க மட்டும் போயிட்டு வாங்க, பாப்பா ஸ்கூல் என்னாகுறது?" என்று ஒரு நாள். மறுநாளே "எல்லாரும் போயிடலாம், இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வருமா?" நான் இரண்டையும் செய்து பார்த்தவன். முதல் தடவை தனியாக 14 மாதம். நான்கு வருடம் கழித்து மனைவி, மகளோடு இரண்டு வருடம். இரண்டுமே ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்தான், அதனால் ஒப்பிடுவது எனக்குச் சுலபம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்குள் முடிகிற வேலை என்றால் தனியாகப் போங்கள். அதற்கு மேல் என்றால் குடும்பத்தோடு போங்கள், ஆனால் ஒரே ஃப்ளைட்டில் போகாதீர்கள். விசாவை மட்டும் எல்லோருக்கும் சேர்த்தே எடுத்துவிட்டு, நீங்கள் ஆறேழு வாரம் முன்னால் போய் வீடு பிடித்துவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள்.

எல்லோரும் பணத்தில்தான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான் எக்செல் ஷீட் போட்டேன். தனியாகப் போனால் மிச்சம் பிடிக்கலாம் என்பது பாதி உண்மை. கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு ஒரே வீட்டில் தங்கினால் வாடகை மூன்றில் ஒரு பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் வேளச்சேரி வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டிக்கெட் செலவு வரும், அவற்றை என் ஷீட்டில் போட மறந்திருந்தேன். அப்புறம் வரி. மனைவி சென்னையிலேயே இருந்தால் ஜெர்மனியில் உங்களுக்கு வரி வகுப்பு 1, அதாவது தனி ஆளுக்கான பிடித்தம். அவரும் அங்கே வந்து குடியிருந்து, வேலைக்குப் போகாமல் இருந்தால் வகுப்பு 3 எடுக்கலாம், அதில் மாதம் சில நூறு யூரோ கையில் கூடுதலாக வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பிடித்தம் போக இவ்வளவு கையில் கிடைக்கும் என்று கம்பெனி உறுதி கொடுத்து அனுப்புகிற ஆஃபராக இருந்தால், இந்த லாபம் உங்களுக்கு வராது, கம்பெனிக்குப் போய்விடும். ஆஃபர் லெட்டரை இரண்டு தடவை படியுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியச் சம்பளப் பட்டியலிலேயே வைத்து அனுப்புகிறார்கள் என்றால் பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.விடம், இந்தியாவிலேயே பி.எஃப். கட்டுகிறீர்கள் என்பதற்கான கவரேஜ் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். இந்தியா-ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அந்தச் சான்றிதழ் இருந்தால் அங்கே ஓய்வூதியப் பிடித்தம் கிடையாது. ஹெல்த் இன்ஷூரன்ஸில்தான் வித்தியாசம். அங்குள்ள கம்பெனியோடு நேரடி ஒப்பந்தம் போட்டு, அரசுசார் இன்ஷூரன்ஸில் சேர்ந்தால், வருமானம் இல்லாத மனைவிக்கும் பிள்ளைக்கும் தனியாகப் பிரீமியம் இல்லை. இங்கிருந்து அனுப்பப்படுகிறவர்களுக்குக் கம்பெனியே தனியார் பாலிசி எடுத்துக் கொடுக்கும், அதில் குடும்பம் இருக்கிறதா, பிரசவம் இருக்கிறதா, பல் வைத்தியம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் கணக்கு. உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வீடு.

சென்னையில் வீடு பார்த்த கண்ணோடு ஜெர்மனியில் வீடு பார்க்க முடியாது. "இரண்டு அறை வீடு" என்று விளம்பரம் இருந்தால் நம் ஆட்கள் டூ பெட்ரூம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஹாலும் ஓர் அறைதான், அதனால் அது நம்ம ஒன் பி.எச்.கே. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது 'குளிர் வாடகை', அதாவது ஹீட்டிங், தண்ணீர், குப்பைச் செலவு சேராத தொகை. எல்லாம் சேர்ந்த 'சூடான வாடகை'யைத்தான் கேட்க வேண்டும், கரண்ட் அதற்கும் வெளியே. அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னையின் பத்து மாத அட்வான்ஸைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றுதான் ஆறுதல்.

இரண்டாவது தடவை நான் பார்த்த முதல் வீட்டில் சமையலறைக் கதவைத் திறந்தேன். நான்கு சுவர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூடி போட்ட இரண்டு குழாய், தரையோரம் ஒரு கெட்டியான கரண்ட் ஒயர். சிங்க் இல்லை, அடுப்பு இல்லை, ஒரு ஷெல்ஃப்கூட இல்லை. ஏதோ ரிப்பேர் வேலை நடக்கிறது என்று நினைத்துக் கேட்டால், வீட்டைக் காட்டிய அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். பழைய குடித்தனக்காரர் கிச்சனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே அது சகஜம். தனியாகப் போனவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எல்லாம் வைத்த அறை ஒன்றில் கூடுதல் வாடகை கொடுத்து இருந்துவிடலாம். ஏழு வயதுப் பிள்ளையோடு மூன்று பேர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து வீடு தேடினால் இரண்டே வாரத்தில் எரிச்சல் தலைக்கேறும், கிடைத்த முதல் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். முன்னால் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, குடி போன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். தற்காலிகமாகத் தங்கும் சில இடங்களில் அதைத் தர மாட்டார்கள், புக் பண்ணும் முன்பே கேளுங்கள். பதிவு இல்லை என்றால் வரி எண் இல்லை, வரி எண் இல்லை என்றால் சம்பளத்தில் வகுப்பு 6 என்று போட்டு வரியைத் தீட்டிவிடுவார்கள். பின்னால் திரும்ப வரும், ஆனால் முதல் மாதம் கை காய்ந்துவிடும்.

இந்த வரி எண் கடிதம் தபாலில்தான் வரும், அங்கேதான் நம் பெயர் வழக்கம் நம்மைக் கவிழ்த்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர். மனைவிக்கு அவள் அப்பா பெயர். மகளுக்கு என் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். லெட்டர்பாக்ஸில் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். தபால்காரர் பாக்ஸில் இல்லாத பெயருக்கு வந்த கடிதத்தைப் போட மாட்டார், மனைவிக்கு வந்தது திரும்பிப் போய்விட்டது. அப்புறம் மூன்று பெயரையும் ஒட்டினோம். எதிர் வீட்டுக்காரர் ரொம்ப நாள் எங்களை அறை பகிர்ந்துகொண்டவர்கள் என்று நினைத்திருப்பார் போல. விசாவுக்கும் இதே கதைதான், இவர் மனைவி என்பதைப் பெயர் சொல்லாது, பதிவு செய்த திருமணச் சான்றிதழ்தான் சொல்லும். மண்டபத்தில் கல்யாணம் பண்ணி, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

பள்ளிக்கூடம். ஆறு வயது வந்தால் அங்கே பள்ளி கட்டாயம், வீட்டில் வைத்து ஆன்லைனில் சி.பி.எஸ்.இ. படிக்க வைக்கிறேன் என்பதெல்லாம் நடக்காது. அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் எல்லாம் ஜெர்மன் மொழியில். இன்டர்நேஷனல் பள்ளி வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும், ஒரு யூரோ நூறு ரூபாய் என்றே வையுங்கள், கம்பெனி கட்டினால் ஒழிய யோசிக்காதீர்கள். என் மகள் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான மொழி வகுப்பில் சேர்ந்து, முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் பேக்கரியில் எனக்குப் பதிலாக அவள்தான் ஆர்டர் சொன்னாள். ஆனால் இதே தைரியத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை விஷயத்தில் காட்ட மாட்டேன், பத்து, பன்னிரண்டு நெருங்குகிற வீடு என்றால் தனியாகவே போய் வாருங்கள்.

மனைவியின் வேலையைப் பற்றி ஆண்கள் அதிகம் யோசிப்பதில்லை. ப்ளூ கார்டிலோ (பட்டதாரி வேலைக்காரர்களுக்கான அனுமதி) ஐ.சி.டி. கார்டிலோ (ஒரே கம்பெனிக்குள் மாற்றலாகிப் போகிறவர்களுக்கானது) போகிறவரின் துணைக்கு முன்கூட்டியே ஜெர்மன் பரீட்சை கிடையாது, அங்கே வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. சட்டத்தில் உண்டு, சரி. மொழி தெரியாமல், இரண்டே வருடத்துக்கு யார் எடுப்பார்கள்? என் மனைவிக்கு இங்கே அவள் கம்பெனி ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது, இரண்டாம் வருடம் ராஜினாமா செய்தாள். அந்தச் செலவை எந்த ஷீட்டிலும் போடவில்லை, இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள், நியாயம்தான்.

தனிமை இருக்கிறதே, அது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். கடைகள் எல்லாம் மூடியிருக்கும், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். முதல் தடவை ஈழத் தமிழர் ஒருவர் நடத்தும் கடையில் சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்கப் போவதே பேச்சுத் துணைக்காகத்தான். ஹாம் என்ற ஜெர்மன் ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ரயில் பிடித்துப் போனதும் அதே காரணத்துக்குத்தான், கூட்டத்தில் நின்று தமிழ் காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது.

பெட்டியில் என்ன வைப்பது? தனி ஆளுக்கு ஒரு சின்னக் குக்கர் போதும், அடி இண்டக்‌ஷனுக்கு ஏற்றதாக இருக்கட்டும். குடும்பம் என்றால் மிக்ஸியை எடுத்துக்கொண்டு போங்கள், அங்கேயும் 230 வோல்ட்தான், ப்ளக்குக்கு அடாப்டர் போதும். நெய், பால்கோவா வேண்டாம், பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடை, தேங்காய், வாழைப்பழம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு, ஏன் என்று கேட்காதீர்கள்.

சென்னைப் பக்கம் மூன்றே விஷயம். கிளம்பும் தேதி செப்டம்பர் 28-க்குள் விழுந்து, அந்த நிதியாண்டில் திரும்ப வராமல் இருந்தால், இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு என்ற கணக்கில் என்.ஆர்.ஐ. ஆகிவிடலாம். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக, அதாவது என்.ஆர்.ஐ.க்கான ரூபாய்க் கணக்காக, மாற்றிவிடுங்கள். சொந்த ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டால், என்.ஆர்.ஐ. வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவர் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதைக் குடி வருபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், கேட்டதும் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். தனியாகப் போனால் இந்த மூன்றாவது தலைவலி இல்லை. ஓ.டி.பி. வரும் சிம்மை மட்டும் எந்த வழியிலும் சாகவிடக் கூடாது.

திரும்பும்போது வீட்டுக்கு மூன்று மாத நோட்டீஸ். நாங்கள் கடைசியில் பிடித்த வீட்டின் கிச்சனை முந்தைய குடித்தனக்காரரிடம் விலைக்கு வாங்கியிருந்தோம், போகும்போது அடுத்து வந்தவர்களுக்கே விற்றோம். கோயம்புத்தூர்க்காரர்கள், சின்னக் குழந்தையோடு வந்திருந்தார்கள். அடுப்பையும் திறக்கவில்லை, அலமாரியையும் திறக்கவில்லை, அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, மிக்ஸி சத்தம் கீழ் வீட்டுக்குக் கேக்குமா?"