மேடை சுமார், மேசைகள் அருமை

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் இருக்கும் சிறிய வாசிகசாலை ஒன்றுக்குப் புதிய அலுமாரிகள் வாங்குவதற்காக ஊரவர்கள் ஒருநாள் இலக்கிய விழா நடத்தினார்கள். நுழைவு இலவசம், வாசலில் உண்டியல். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோர்ப்பாளனாக இருந்தவன் நான். எந்த அழைப்பிதழ் கைக்கு வந்தாலும் முதலில் பிழைதான் தேடுவேன். இதில் ஓரிரு ஒற்றுப்பிழைகளுக்கு மேல் கிடைக்கவில்லை. அங்கேயே விழாக்காரர்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதையை மேடை வேகமாகச் செலவழித்தது. மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, அதற்குப் பிறகு வரிசையாக வாழ்த்துரைகள். வாழ்த்த வந்தவர்களில் பாதிப்பேர் வாசிகசாலைக்குள் காலடி வைத்ததில்லை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை. அந்தப் பணத்துக்கு ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு நூல் வாங்கி, உள்ளட்டையில் பெயரெழுதி அலுமாரியில் வைத்திருக்கலாம். பொன்னாடையை யாரும் இரண்டாம் முறை போர்த்துவதில்லை.

பந்தலின் மறுபக்கம் மூன்று மேசைகள் போட்டிருந்தார்கள். நான் நாளில் பெரும்பகுதியைக் கழித்தது அங்கேதான்.

முதலாவது, நூல் திருத்தும் மேசை. கிழிந்த புத்தகத்தைக் கொண்டுபோனால் உங்கள் கண்முன்னே செப்பனிட்டுத் தருகிறார்கள், கூலியை உண்டியலில் போட்டால் போதும். கடற்கரை ஊரில் புத்தகத்தின் முதல் எதிரி கறையான் என்று நினைப்போம். சிற்றிதழ்களைப் பொறுத்தவரை முதல் எதிரி நடுவில் குத்திய கம்பி. உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, ஒருநாள் நடுப்பக்கம் தனியே கையோடு வந்துவிடும். இங்கே இருந்த அம்மா மொட்டைக் கத்தியால் கம்பியை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, அதே துளைகளில் மெழுகு தடவிய பருத்தி நூலை ஓட்டித் தைத்தார். கிழிசலுக்கு மெல்லிய தாளும் கோதுமை மாப்பசையும். ஒட்டுநாடாவைக் கிட்டவும் சேர்க்கவில்லை. செலோடேப் ஒட்டிய பக்கம் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பழுப்பாகி, நாடா உதிர்ந்த பிறகும் கறை நிற்கும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்போம். பிள்ளைகள் கைவைக்கும் மேசையில் அந்த நஞ்சு வேண்டாம் என்று அவர் விட்டிருந்தார், அது சரியான முடிவு. முதுகுத்துணி மட்டும் கொஞ்சம் மெலிது. இரவல் கொடுக்கும் புத்தகத்துக்குத் தடித்த துணி போட வேண்டும். சொன்னேன், குறித்துக்கொண்டார்.

இரண்டாவது, பழைய நூல் மேசை. ஆவணி மாதம், கச்சான் காற்று. தாள் பறக்காமலிருக்க ஒவ்வோர் அடுக்கின்மேலும் கடற்கல் வைத்திருந்தார்கள். அட்டையில் மணல் உரசுவதைப் பார்த்து எனக்குத்தான் பல் கூசியது. இருந்த சரக்கில் பாதி சோதனை வழிகாட்டிகள், மீதியில் பொக்கிஷங்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, வீட்டிலேயே தைத்து, பழைய நாட்காட்டி அட்டை போட்ட தொகுப்புகள் ஏழெட்டு இருந்தன. நம் அம்மாமாரும் மாமிமாரும் இப்படித்தான் தங்களுக்கென்று ஒரு நூலகம் கட்டினார்கள். இடையில் ஒரு வாரம் தவறிய இடத்தில், விடுபட்ட கதையை யாரோ மையில் சுருக்கி எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை விற்கக் கூடாது, வாசிகசாலையிலேயே வைக்க வேண்டும் என்று பொறுப்பாளர் தம்பியிடம் வாதாடினேன். மேசைக்குக் கீழே எடுத்து வைத்தார். பிறகு விற்றாரோ என்னவோ.

மூன்றாவது, அங்கத்துவ மேசை. இலக்கிய விழாக்களில் நான் அதிகம் காணாத ஒன்று. படிவம் நிரப்பினால் அங்கேயே அட்டை, அந்த நொடியே ஒரு புத்தகம் இரவல். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சிறுவன் ஒருவன் கடலாமை பற்றிய படப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து முடித்துவிட்டு, அரைமணி நேரத்தில் மாற்றிக்கொள்ள வந்து நின்றான். ஒரு நாளைக்கு ஒரு புத்தகம்தான் என்று பொறுப்பாளர் விதி பேசினார். பக்கத்திலிருந்த பெண் விதியைப் பார்க்காமல் புத்தகத்தை நீட்டினார். அவருக்கு என் வாக்கு.

மேடையிலும் ஒரு நல்ல அமர்வு இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்ட 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கொள்ளப்படுவது. நாயக்கர் காலத்துக் கதை. அதைப் பற்றி ஓர் ஆசிரியை குறிப்புத்தாள் இல்லாமல் பேசினார். நம் ஊரவர் ஒருவர் நம் ஊரை விட்டுவிட்டுத் தஞ்சைப் பக்கத்துக் கதையை ஏன் எடுத்தார் என்று அவர் கேட்ட கேள்வி சபையை நிமிர்த்தியது. கதாசிரியர் சென்னையில் சுவடி நூலகத்தில் பணிபுரிந்தவர் என்பதை மட்டும் அவர் தொடவில்லை. வாசிகசாலைக்காக நடக்கும் விழாவில் தொடங்கவேண்டிய இடமே அதுதான். இருபது நிமிடத்தில் மணி அடித்து இறக்கிவிட்டார்கள். வாழ்த்துரைக்காரர்களுக்கு அந்த மணி கேட்கவில்லை.

கவியரங்கைக் கடைசியில் வைத்தது பெரிய பிழை. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து கவிஞர்கள் வந்திருந்தார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் கிண்ணியாத் துறையில் தோணிக்குக் காத்திருக்கும் வேலை இல்லைதான். ஆனாலும் மூதூருக்குக் கடைசி பஸ் என்று ஒன்று இருக்கிறது. அவர்களில் இருவர் வாசிக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளூர்க் கவிஞர்கள் ஆறுதலாக நீட்டி முழக்கினார்கள். வெளியூர்க்காரரை முதலில் வாசிக்க விடுவது உபசாரத்தின் அரிச்சுவடி.

சாப்பாடு வாசிகசாலை வாசகிகளின் கைவண்ணம்: ரோல்ஸ், உழுந்து வடை, கடலைச் சுண்டல், இஞ்சித் தேநீர். வடை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. ஒலிவாங்கி காற்றைத்தான் அதிகம் பேசவிட்டது, அதற்கு ஒரு பஞ்சு உறை போதும். முதியவர்களுக்குச் சாய்ந்து உட்காரக் கதிரை போதவில்லை, முன்வரிசைக் கதிரைகள் பிரமுகர்களுக்காக மதியம் வரை வெறுமையாகக் கிடந்தன.

மாலையில் வரவுசெலவுக் கணக்கைத் தாளில் எழுதி வாசிகசாலைக் கதவில் ஒட்டினார்கள். பொன்னாடைச் செலவும் அதில் ஒளிவில்லாமல் இருந்தது. நான் கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது.

அடுத்த விழாவுக்குப் போகிறவர்கள் விளக்கேற்றலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, வடை முடியுமுன் போங்கள். கிழிந்த புத்தகங்களைக் கையோடு கொண்டுபோங்கள். அன்பளிப்பாகக் கொடுப்பதென்றால் கதை, கவிதை, வரலாறு, சிறுவர் நூல் எதுவும் கொடுக்கலாம். பழைய பாடத்திட்டத்துச் சோதனை வழிகாட்டிகளைத் தயவுசெய்து கடதாசிக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.