ஊசி முனையும் கரண்ட் இரைச்சலும்: மூன்று வழிகளில் எது?

திருப்பூரில் ஏற்றுமதித் துணி பெட்டிக்குள் போகுமுன் ஊசி டிடெக்டரைத் தாண்ட வேண்டும். தையலில் முறிந்த ஊசி முனை துணிக்குள் கிடந்தால், காந்தப்புலத்தை வைத்துப் பிடித்துவிடும். அதையே சின்ன ஏ.எம்.ஆர். சென்சாரில் (காந்தப்புலத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் சில்லு) செய்து பார்க்க இறங்கினால், முதலில் மல்லுக்கு நிற்பது இரைச்சல், அதாவது ஊசியோடு சேர்ந்து பதிவாகும் வேண்டாத புலங்கள். பூமியின் புலமே இந்தப் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதன் மேல், மோட்டார்களில் ஓடும் கரண்ட் விநாடிக்கு 50 தடவை ஆட்டும் புலம், 50 ஹெர்ட்ஸ்.

"ஏனுங்க, ஒரு டப்பாவுல போட்டு மூடிட்டா ஆகாதுங்களா?" என்றார் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாமா. எந்த டப்பா என்பதுதான் கேள்வி. அலுமினியம் 50 ஹெர்ட்ஸைத் தடுக்க சென்டிமீட்டர் கணக்கில் தடிமன் வேண்டும். நிலையான புலத்தைத் தொடவே தொடாது. மியூ-மெட்டல் என்ற நிக்கல்-இரும்புக் கலவை இரண்டையும் தடுக்கும். ஆனால் விலை எகிறும், வளைத்தபின் ஹைட்ரஜன் உலையில் பதப்படுத்தியாக வேண்டும், கை தவறிக் கீழே போட்டாலும் குணம் குறையும். போதாததற்கு, துணி போய்வர இரண்டு பக்கமும் திறப்பு. மூடாத டப்பாவுக்கு இவ்வளவு செலவா?

சராசரி எடுப்பது காசில்லாத வழி. 20 மில்லிசெகண்டுக்கு, அதாவது 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஒட்டுமொத்தமாகக் கூட்டினால் 50 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் தனக்குள்ளேயே கழிந்துவிடும். முழுதாகப் போகாது, நம் கரண்டின் அதிர்வெண் பெரும்பாலும் 49.9க்கும் 50.05க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். பேராசைப்பட்டு ஒரு விநாடி சராசரி எடுத்தால், பெல்ட்டில் ஓடும் ஊசியும் கரைந்துவிடும்.

என் ஓட்டு இரட்டைச் சென்சாருக்கு. இரண்டை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். ஊசியின் புலம் தூரத்தின் மும்மடிக்குக் குறையும்: ஒன்றுக்கு 5 சென்டிமீட்டரிலும் மற்றதுக்கு 15லும் இருந்தால், தூரத்துச் சென்சார் காண்பது 27இல் ஒரு பங்குதான். அதனால் ஊசி கழிவதில்லை. மூன்று மீட்டர் தள்ளி ஓடும் மோட்டாரோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழும். மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. அப்புறம் 20 மில்லிசெகண்ட் சராசரியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் பொருத்துவதில்தான். இரண்டும் ஒரு டிகிரி கோணலாக நின்றாலே பூமியின் புலத்தில் 0.7 மைக்ரோடெஸ்லா வரை வித்தியாசம் வரும். அசையாமல் இருந்தால் அதைக் கணக்கில் கழித்துவிடலாம். மேஜை அதிர்ந்தால் அதுவே புது இரைச்சல். ஆகவே இரண்டையும் ஒரே கெட்டியான பிளாஸ்டிக் பட்டையில் இறுக்குங்கள், பித்தளை ஸ்க்ரூ போட்டு. இரும்பு ஸ்க்ரூ போட்டால் சென்சார் நாள் முழுக்க அதைத்தான் ஊசி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.