ஒரே ஆட்டம், இரண்டு விலைப்பலகை: பந்தய நிறுவனமா, முன்கணிப்புச் சந்தையா?

ஒரு கால்பந்து அணி வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால் பந்தய நிறுவனம் 1.80 என்கிறது, முன்கணிப்புச் சந்தை 53 சென்ட் என்கிறது. கேள்வி ஒன்றுதான். ஆனால் இரண்டு பதில்களையும் ஒரே மாதிரி படித்தால் ஏமாந்துபோவோம்.

நிறுவனத்தின் கணக்கு எளிது. வெற்றிக்கு 1.80, டிராவுக்கு 3.60, எதிரணிக்கு 4.50 என்று வைத்துக்கொள்வோம். 1.80 என்றால், ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் கட்டிய பணத்தோடு சேர்த்து 1.80 ரூபாய் கைக்கு வரும். ஒன்றை இந்த எண்களால் வகுத்தால் 55.6, 27.8, 22.2 சதவீதம் வரும். கூட்டினால் 105.6. நூறுக்கு மேல் நிற்கும் 5.6 நிறுவனம் தனக்காக ஏற்றிவைத்த பங்கு. அதை விகிதப்படி நீக்கினால் முதல் அணியின் வாய்ப்பு 52.6 சதவீதம்தான்.

கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற முன்கணிப்புச் சந்தைகளில் யாரும் மேலே உட்கார்ந்து விலை வைப்பதில்லை. வெற்றி, டிரா, தோல்வி மூன்றும் தனித்தனி ஒப்பந்தங்கள். சொன்னது நடந்தால் 1 டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். அதனால் 53 சென்ட் விலையை ஏறத்தாழ 53 சதவீத வாய்ப்பு என்று படிக்கலாம். மூன்றையும் சேர்த்து 97 சென்ட்டுக்கு வாங்க முடிந்தால், கட்டணம் போக மிஞ்சுவது உறுதியான லாபம். அதைப் பார்த்ததும் ஆட்கள் வாங்கிக் குவிப்பார்கள். கூட்டுத்தொகை மறுபடி நூறை ஒட்டி வந்துவிடும். இந்தச் சுயதிருத்தம்தான் சந்தையிடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதற்கு ஆட்கள் வேண்டும். கூட்டமில்லாத சிறிய லீக் ஆட்டத்தில் வாங்குபவர் 44 சென்ட், விற்பவர் 58 சென்ட் என்று நின்றால், கடைசியாகக் கைமாறிய விலை எதையும் சொல்லாது. அங்கே நான் நிறுவனத்தின் எண்ணைத்தான் நம்புவேன்.

அதிசயங்களுக்கு விலை சொல்வதில் சந்தை தடுமாறும். 2015-16 பருவம் தொடங்கும்போது லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வெல்லும் என்பதற்கு நிறுவனங்கள் 5000-க்கு 1 கொடுத்தன. அதாவது 0.02 சதவீதம். ஒரு சென்ட் படிகளில் நகரும் சந்தையால் அவ்வளவு சின்ன எண்ணைக் காட்டவே முடியாது. ‘வெல்லாது’ என்று 99 சென்ட்டைப் பருவம் முழுக்க முடக்கி ஒரு சென்ட் சம்பாதிக்க யார் வருவார்கள்? அதனால் பலவீனமான அணியின் விலை தகுதிக்கு மேலேயே தங்கிவிடும். (லெஸ்டர் வென்றே விட்டது என்பது வேறு கதை.)

எந்தப் பக்கம் போனாலும் தீர்ப்பு விதியை, அதாவது எது நடந்தால் பணம் கிடைக்கும் என்பதை, படிக்காமல் விலையை ஒப்பிடாதீர்கள். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0. எம்பாப்பே 80, 81-ஆம் நிமிடங்களில் இரண்டு கோல் போட்டார். தொண்ணூறு நிமிட ஆட்டம் 2-2 என்று முடிந்தது; கூடுதல் நேரத்தில் 3-3; பெனால்டியில் அர்ஜென்டினா 4-2. ‘கோப்பை யாருக்கு’ என்ற கேள்விக்கு விடை அர்ஜென்டினா. வழக்கமான ‘ஆட்ட முடிவு’ பந்தயத்தில் விடை டிரா, ஏனென்றால் அது தொண்ணூறு நிமிடமும் காயநேரமும் மட்டுமே கணக்கு. நாக்-அவுட் ஆட்டங்களில் இரண்டு தளங்களின் விலை பத்து, பன்னிரண்டு புள்ளி விலகி நின்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பெரிய ஆட்டம், விறுவிறுப்பான வியாபாரம் என்றால் என் தேர்வு சந்தை. அப்போதும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியைத்தான் எடுப்பேன்.